நாயின் தாடையை இழுத்துத் திறக்க வேண்டாம்

வாய் திறக்க முடியாத நாய்க்குத் தினமும் கையால் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேலே ஒரு கருத்து இருக்கிறது. அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் மெல்லும் தசை அழற்சி இருந்தால் இது ஆபத்து. தாடை மூட்டு விலகலாம், எலும்பே முறியலாம்.

இந்த நோயில் நாயின் எதிர்ப்பு சக்தியே மெல்லும் தசைகளில் உள்ள 2எம் வகை இழைகளைத் தாக்குகிறது. கால் தசைகளில் அந்த இழை கிடையாது. அதனால்தான் நாய் நன்றாக ஓடும், பிஸ்கட்டைக் கவ்வ மட்டும் தவிக்கும். மயக்க மருந்து கொடுத்தாலும் பெரும்பாலும் வாய் முழுதாகத் திறக்காது. தேவைப்படுவது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில், பல மாதங்கள்.

இந்த நோய்தானா என்று சரிபார்க்க, 2எம் ஆன்டிபாடி (அந்த இழைகளைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்) ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே ரத்தம் எடுப்பது நல்லது, பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். நெற்றிப்பொட்டுத் தசை வற்றி மண்டையோடு புடைத்துத் தெரிகிறதா? அப்போதும் முடிவு அப்படி வரலாம், தசைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை கூழாகக் கரைத்த உணவு கொடுங்கள்.