டிக்கெட் எடுத்து விளம்பரம் பார்த்தவன் புலம்புகிறேன்

காசு கொடுத்து விளம்பரம் பார்க்க யாராவது வரிசையில் நிற்பார்களா? நான் நின்றேன். அதுவும் மூன்றாவது தடவை. கம்பெனிதான் வேறு, ஏமாற்றம் அதேதான். கம்பெனி தன்னைப் பற்றித் தானே நடத்துகிற இடம், பெயர் மட்டும் அருங்காட்சியகமாம். நுழைந்ததும் இருட்டு அறையில் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஒரு படம் போட்டார்கள்: ஓடுகிற குழந்தை, சூரிய உதயம், கண்கலங்கும் தாத்தா, கடைசியில் லோகோ. பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார் வேறு. எதற்குங்க?

அப்புறம் நிறுவனரின் மூக்குக்கண்ணாடி. ஏழெட்டுப் பேரை இடித்துத் தள்ளிக் கிட்டே போய்ப் பார்த்தால், கீழே எறும்பு சைஸ் எழுத்தில் 'மாதிரி மட்டுமே'. சரி, தொடுதிரையாவது பார்ப்போம் என்றால், முன்னால் வந்தவர்களின் விரல் ரேகையெல்லாம் பிசுபிசுப்பாக அதன் மேல்தான் இருக்கிறது, போதாக்குறைக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால்தான் அடுத்த பக்கமே திறக்குமாம்.

சொல்லக் கதையா இல்லை? கின்னஸ் பீர் கம்பெனியைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸ் 1759-இல் அயர்லாந்தின் டப்ளினில் ஒரு பீர் ஆலையை வருடம் 45 பவுண்டு வாடகைக்கு 9,000 வருடக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். இப்படி ஒரு பத்திரத்தைக் காட்டினால் நான் வாய்பிளந்து நிற்பேனே! இங்கே 'கனவு', 'பயணம்', 'குடும்பம்' என்று சுவர் முழுக்க வார்த்தைதான்.

வெளியே போக ஒரே வழி, கடைக்குள் புகுந்துதான். கோப்பையில் லோகோ, தொப்பியில் லோகோ, குழந்தை ஜட்டியில்கூட லோகோ. எதையும் தொடக்கூடாது என்றுதான் விறுவிறுவென்று நடந்தேன்.

சாவிக்கொத்து வாங்கிவிட்டேன். இரண்டு.