ஃபிராங்கென்ஸ்டைனின் படைப்பு படித்த புத்தகங்கள்

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இடி, மின்னல், மேசைமேல் கட்டிக் கிடக்கும் உடல். அந்தக் காட்சி 1931-இல் வந்த ஹாலிவுட் படத்துடையது. நாவலில் இருப்பது ஒரு நவம்பர் இரவு, ஜன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி. பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்த மாணவன் விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் தன் கருவிகளை எடுத்து வைக்கிறான், அந்தப் படைப்புக்கு உயிர் வந்துவிடுகிறது. எந்தக் கருவி, எப்படி என்ற விவரமே கிடையாது. உயிர் வந்ததற்கு ஒரு பத்தி. அந்த உயிர் எப்படி வளர்ந்தது, ஏன் கெட்டது என்று அதுவே சொல்வதற்கு ஆறு அத்தியாயங்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த நாவலின் வேர்களைத் தேடுகிறவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் மேரியின் புத்தக அலமாரிக்குப் போக வேண்டும்.

அறிவியலின் பாதிப்பு உண்மைதான். செத்த தவளையின் காலை மின்சாரம் துடிக்க வைப்பதைப் பற்றி கால்வானி 1791-இல் எழுதினார். அவருடைய சகோதரியின் மகன் ஆல்தினி 1803 ஜனவரியில் லண்டனில், நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டரின் உடலில் மின்கலத்தை இணைத்துக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. கொலைக் குற்றவாளிகளின் உடலை அறுவைக்கூடத்துக்கு அனுப்ப 1752-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1816 அக்டோபரில் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் நூலை மேரி படித்ததும் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. நாவலில் விக்டரின் பேராசிரியர் வால்ட்மன் வேதியியலைப் புகழும் இடத்தில் டேவியின் குரல் கேட்கும். ஆனாலும் கால்வானியின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த மின்சாரத்தை மேரி வெளிப்படையாகச் சொல்வது 1831 பதிப்பின் முன்னுரையில். முதல் பதிப்பு வந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி வீட்டுக்கு வருவோம். முதல் பதிப்பை மேரி தன் தந்தை வில்லியம் காட்வினுக்குச் சமர்ப்பித்தார். மனிதனின் குணம் பிறப்பில் வருவதில்லை, சூழலும் வளர்ப்பும் சமூக அமைப்பும்தான் அதை உருவாக்குகின்றன என்று 1793-இல் 'அரசியல் நீதி'யில் வாதாடியவர் அவர். தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் பெண்கல்விக்காக எழுதியதன் அடித்தளமும் அதுவே. "நான் நல்லவனாக இருந்தேன், துயரம் என்னைப் பேயாக்கியது" என்று அந்தப் படைப்பு விக்டரிடம் சொல்லும்போது பெற்றோரின் தத்துவம் இரண்டும் ஒரே வாயில் பேசுகின்றன. விக்டரின் ஊர் ஜெனீவா, தத்துவஞானி ரூசோவின் ஊரும் அதுவே. குழந்தை வளர்ப்பைப் பற்றி 'எமீல்' எழுதிய ரூசோ, தன் ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்டவர். பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி இதைக் கடுமையாகக் கண்டித்தார். கண்ணைத் திறந்த உயிரை விட்டு ஓடிப்போகும் விக்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்தது அந்தப் படைப்பின் கல்வி நடக்கும் வரிசை. முதலில் ஒளியும் இருளும் ஒலியும் பிரித்தறிய முடியாத கலவையாக வருகின்றன. பிறகு நெருப்பு சுடும் என்ற அனுபவம். பிறகு ஒளிந்திருந்தபடி, ஒரு குடும்பம் வாழ்ந்த குடிசைச் சுவரின் இடுக்கு வழியே கேட்டுக் கற்ற சொற்கள்: நெருப்பு, பால், ரொட்டி, விறகு. புலன் முதலில், கருத்து பிறகு என்ற ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் படிநிலை இது. பிறகு வோல்னேயின் 'பேரரசுகளின் அழிவுகள்' நூலை அந்தக் குடிசையில் வாசிக்கக் கேட்டு வரலாறும் சொத்து, வறுமை என்ற பிரிவும் புரிகின்றன. கடைசியாகக் காட்டில் கிடைத்த தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள். கெதேயின் 'வெர்தர்' சோகத்தைக் கற்றுக்கொடுக்கிறது. புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து, போர்வீரர்களான ரோமுலஸ், தீசியஸைவிட அமைதியாகச் சட்டம் வகுத்த நூமா, சோலோன், லைகர்கஸ் ஆகியோரையே அது விரும்புகிறது. பேயாகப் பிறந்தது என்று நம்மில் பலர் நினைக்கும் உயிரின் தேர்வு இது! மூன்றாவது மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. அதை உண்மை வரலாறாகவே எடுத்துக்கொண்டு ஆதாமோடு தன்னை ஒப்பிடுகிறது. ஆதாமுக்குக் கடவுளின் கவனிப்பு இருந்தது, சாத்தானுக்குக்கூடத் தோழர்கள் இருந்தார்கள், தனக்கு யாரும் இல்லை. தன் சட்டைப்பையிலிருந்த விக்டரின் குறிப்பேட்டை வாசித்ததும் உயிர் பெற்ற நாளையே அது வெறுக்கிறது.

விக்டரின் கல்வியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 13 வயதில் அக்ரிப்பாவின் ரசவாத நூலைக் காட்டியபோது தந்தை தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "குப்பை" என்று ஒதுக்குகிறார். ஏன் குப்பை என்று அப்போதே விளக்கியிருந்தால் தான் இந்தப் பாதையில் போகாமலே இருந்திருக்கலாம் என்கிறான் விக்டர்.

அவன் படித்த ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட், 1776-இல் இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கம் தோன்றிய ஊர். பிரெஞ்சுப் புரட்சியே அங்கிருந்து கிளம்பிய சதி என்று எழுதிய பாருவேலின் நூலை மேரி படித்திருந்தார். நாவலைத் தன் கடிதங்களால் தொடங்கிவைக்கும் வால்டனின் துருவப் பயணத்துக்குப் பின்னால் கோல்ரிட்ஜின் 'முதிய மாலுமி' நிற்கிறது. 1815-இல் வெடித்த தம்போரா எரிமலை, அதனால் கோடையில்லாமல் போன 1816, அந்த மழைநாட்களில் நண்பர்கள் வைத்துக்கொண்ட பேய்க்கதைப் போட்டி எல்லாம் சுவையான செய்திகள்தான். எழுத உட்கார வைத்த சந்தர்ப்பம் என்பதற்கு மேல் அவற்றுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

படிக்கப் போகிறவர்கள் 1818 பதிப்பைத் தேடி வாங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 1831 பதிப்பு. அதில் விக்டரின் தவறுகள்மேல் விதியின் நிழல் அதிகம் படிந்துவிட்டது, அவன் கைவிட்ட பொறுப்பு மங்கிவிட்டது. அத்தியாய எண்களும் மாறும்: படைப்பு கண் திறப்பது 1818-இல் முதல் பாகம் நான்காம் அத்தியாயம், 1831-இல் ஐந்தாம் அத்தியாயம். மில்டனை முழுக்க வாசிக்க நேரமில்லை என்றால் நான்காம் காண்டமும் எட்டாம் காண்டமும் போதும். நான்காவதில் ஏவாள் தன் உருவத்தை நீரில் கண்டு மயங்குவாள். ஷெல்லியின் படைப்போ குட்டையில் தன்னைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பின்வாங்கும். எட்டாவதில் ஆதாம் கடவுளிடம் துணை கேட்பான், கிடைக்கும். அதே கோரிக்கையை அந்தப் படைப்பு பனிமலையில் விக்டரிடம் வைக்கும். அவன் ஒப்புக்கொண்டு, பாதி உருவான துணையைக் கிழித்துப் போடுவான்.