போப்போவ் ரேடியோவோடு நீந்தவில்லை

நேற்று எல்லாக் குழுவிலும் சுற்றிய அந்த அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மே 7, ரஷ்யர்களின் வானொலி நாள். 'ரேடியோவின் தந்தை அலெக்சாந்தர் போப்போவ்' என்று தங்க எழுத்தில் போட்டு, படத்தில் ஈரத் தலையும் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கமுமாக ஒரு வாலிபரை நிறுத்தியிருந்தார்கள்.

மரியாதையாகத்தான் பின்னூட்டம் போட்டேன். "இவர் நீச்சல் வீரர், அவர் வேறு ஆள்." பதில்: "ரெண்டு பேரும் ரஷ்யாக்காரங்கதானே சார், ரொம்ப நோண்டாதீங்க." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, நோண்டுகிறேன்.

ரேடியோக்காரர் அலெக்சாந்தர் ஸ்தெபானொவிச் போப்போவ். 1859-இல் உரால் மலைப்பக்கத்துச் சுரங்க ஊர் ஒன்றில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். (ரஷ்ய மொழியில் 'போப்' என்றால் பாதிரி. அதனால்தான் அந்த நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு போப்போவ் மேல் விழலாம்.) குரோன்ஷ்டாட் கடற்படைப் பள்ளியில் ஆசிரியர். 1895-இல் பீட்டர்ஸ்பர்கில் அவர் காட்டிய கருவியில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் இரும்புத்தூள். மின்காந்த அலை வந்து பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தன் வழியே போக விடும், மணி அடிக்கும். ஒட்டிய தூள் தானாக உதிராது. அதை உதிர்க்காவிட்டால் அடுத்த அலை வந்தாலும் கருவிக்குத் தெரியாது. போப்போவ் செய்த வேலை என்னவென்றால், மணியை அடித்துவிட்டுத் திரும்பும் அதே சுத்தி குழாயையும் ஒரு தட்டு தட்டும்படி வைத்தார். தூள் உதிரும், கருவி மறுபடி தயார். தூரத்து மின்னலைக்கூட அது பிடித்தது. இவ்வளவு அழகான வேலை செய்த மனுஷனுக்கு நாம் கொடுத்த மரியாதை, வேறொருவர் முகம்.

அந்த முகம் அலெக்சாந்தர் விளாதிமிரொவிச் போப்போவுடையது. பிறப்பு 1971. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா இரண்டிலும் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். அட்லாண்டா முடிந்த கையோடு மாஸ்கோ தெருவில் தர்பூசணி வியாபாரியோடு தகராறாகிக் கத்திக்குத்து வாங்கி, பிழைத்து, திரும்பவும் குளத்தில் இறங்கியவர். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் ரேடியோக்காரர் 1906-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அட்டைப்படி பார்த்தால் செத்து 86 வருஷம் கழித்துத் தங்கம் வாங்கியிருக்கிறார்!

ஊரை வைத்துப் பிரிக்கலாமா? முடியாது. இரண்டு பேர் பிறந்த ஊரும் இன்றைய ஸ்வெர்த்லோவ்ஸ்க் மாகாணத்தில்தான் இருக்கிறது. பிரிப்பது நடுவில் இருக்கும் அப்பா பெயர். ஸ்தெபான் மகன் ஸ்தெபானொவிச், விளாதிமிர் மகன் விளாதிமிரொவிச். பெண் என்றால் ஸ்தெபானொவ்னா. இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? பள்ளிக்கூடத்தில் இரண்டு முருகன் இருந்தால் எஸ். முருகன், வி. முருகன் என்றுதானே கூப்பிட்டோம்?

"மார்க்கோனிதானே கண்டுபிடிச்சது?" என்று ஒருவர் வருவார். அது வேறு பஞ்சாயத்து, ஜகதீஷ் சந்திர போஸையும் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள்.

"கூகுள் காட்டிய படத்தைப் போட்டோம்" என்பவர்களுக்குத்தான் என் பதில். கூகுள் காட்டும், ஏனென்றால் நீங்கள் தேடியது பாதிப் பெயர். ஆங்கிலத்தில் அப்பா பெயரை வெட்டிவிட்டுத்தான் எழுதுவார்கள். ரஷ்ய விக்கிப்பீடியாவில் குடும்பப் பெயர், கமா, பெயர், அப்பா பெயர் என்று தலைப்பு இருக்கும். அதுவும் ஒத்துப்போனால் அடைப்புக்குறியில் தொழிலோ பிறந்த வருஷமோ போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படம் எடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

தேதியிலும் கவனம். 1918 வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள், 20-க்கு 13 நாள் கூட்ட வேண்டும். போப்போவ் கருவியைக் காட்டிய 1895 ஏப்ரல் 25, மே 7 ஆனது அப்படித்தான். போப்போவ் இறந்தது பழைய கணக்கில் 1905 டிசம்பர் 31, புதுக் கணக்கில் 1906 ஜனவரி 13. வருஷம் வேறாக இருக்கிறதே, ஆளும் வேறோ என்று குழம்ப வேண்டாம்.

அப்பா பெயர் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். லேவ் தல்ஸ்தோயும் (நாம் டால்ஸ்டாய் என்போமே, அவர்தான்) நிக்கொலாயெவிச், 1883-இல் பிறந்த எழுத்தாளர் அலெக்சேய் தல்ஸ்தோயும் நிக்கொலாயெவிச். அண்ணன் தம்பி என்று அட்டை போட்டுவிடாதீர்கள். இருவருக்கும் நடுவே 54 வயது. இன்னொரு அலெக்சேய் தல்ஸ்தோய் 1875-இலேயே காலமான கவிஞர், அவர் கன்ஸ்தந்தீனொவிச். வியாசெஸ்லாவ் இவானோவ் என்று தேடினால் ஒரு கவிஞர் வருவார், ஒரு மொழியியல் அறிஞர் வருவார், 1956, 60, 64 மூன்று ஒலிம்பிக்கிலும் படகோட்டித் தங்கம் அள்ளிய ஒருவரும் வருவார். இந்தப் படகுக்காரர் 18 வயதில், முதல் தங்கத்தைச் சந்தோஷத்தில் மேலே தூக்கிப் போட, அது ஆஸ்திரேலியாவின் வெண்டூரி ஏரியில் விழுந்தது. முங்கித் தேடியும் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் கமிட்டி அப்புறம் வேறொன்று கொடுத்தது. இந்தக் கதையைக் கவிஞர் தலையில் கட்டினால் எப்படி இருக்கும்? 1949-இல் இறந்தவர் அவர்.

"ரஷ்யப் பெயர் வாயில் நுழையல சார்" என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டுக்காரன் நம்மூர்ப் பெயரைப் பாதியாக வெட்டினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! ரஷ்யர் பெயரை நாம் வெட்டினால் மட்டும் அது எளிமையா? சொன்னவன் நோண்டுகிறவனா?

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே 'திருத்தப்பட்ட' அட்டை வந்துவிட்டது. நீச்சல் வீரரை எடுத்துவிட்டார்கள். அவர் இடத்தில் பெரிய கட்டம் போட்ட தொப்பியோடு ஒருவர் சிரிக்கிறார். ஒலெக் போப்போவ். சோவியத் சர்க்கஸ் கோமாளி.