ஓரமாக நிற்கச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நடந்தது இந்நேரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காணொளியைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரப்பியவர்களே எனக்கும் அனுப்பி, "இது உங்கள் மகன்தானே?" என்று விசாரித்தார்கள். ஆம், என் மகன்தான். பரிசு வாங்க வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரிடமும் பள்ளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்த அறிவிப்பாளர், தங்கையின் கையைப் பிடித்தபடி மேடைப் படியில் நின்ற அவனிடமும் கேட்டார். "வீட்டில் படிக்கிறேன்" என்றான். "ஓ, பள்ளிக்கூடமே போகாத புள்ளையா? அப்போ கொஞ்சம் ஓரமா நில்லு தம்பி, படிக்கிற புள்ளைங்க வரட்டும்" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் சொந்தக்காரர்களும் சிரித்தது காணொளியில் தெளிவாகத் தெரிகிறது.

விளையாட்டுக்குச் சொன்னதாகப் பிறகு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். நல்லது. விளையாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் பள்ளிக்குப் போகாத பிள்ளை வேறு, படிக்காத பிள்ளை வேறு என்பதை விளையாட்டில்லாமல் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

அவன் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் படிப்பைப் பாதியில் விட்டு நின்றான். அது 2023. காலையில் சீருடையைப் போட்டதும் வாந்தி எடுக்கும் பிள்ளையை ஓராண்டுக்கு மேல் நானே தள்ளித் தள்ளி அனுப்பியவள்; ஆகவே கொஞ்சம் சிரமம் வந்ததும் பிள்ளையை நிறுத்திவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். நின்ற பிறகு முதல் மூன்று மாதங்கள் அவன் எதுவுமே செய்யவில்லை. தூங்கினான், சாப்பிட்டான், கைப்பேசியைப் பார்த்தான். கணவர் லாரியோடு செம்பனை (பாமாயில்) ஆலைக்குப் போன பிறகு நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு நீங்களாகக் கண்டுபிடித்ததாக இருக்கக்கூடாது.

நான்காம் மாதம் என் அண்ணனோடு தோட்டத்துக்குப் போனவன், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டைவிரல் பருமனில் கறுப்பாக எதையோ கொண்டுவந்து என் சமையலறைத் தொட்டியில் கொட்டினான். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும்: எலித் தொல்லைக்காகச் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, கூகை ஆந்தைகள் குடியிருக்க அதன்மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். எலியை முழுதாக விழுங்கும் கூகை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அந்த உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, என் தையல் பெட்டியிலிருந்த இடுக்கியால் மயிரை விலக்கி, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய நாளிதழின்மேல் அடுக்கினான். ஒரே உருண்டையில் மூன்று மண்டை ஓடுகள். எல்லாம் வெள்ளையாக இருக்க, முன்பற்கள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. அந்த இடுக்கியை நான் அதன்பிறகு தொடவில்லை என்பது வேறு கதை.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியின் கீழே எத்தனை உருண்டை, அதில் எத்தனை எலி என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிறான். சராசரி கணக்கிட யாரும் அவனுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. ஒரே கூட்டில் ஒரு குஞ்சு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது ஏன் என்று ஆங்கிலத்தில் தேடிப் படித்து, தாய்ப்பறவை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிடுவதையும் முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதையும் எனக்கு விளக்கினான். மலாயில் அதற்குப் புங்குக் ஜெலாப்பாங் என்று பெயராம். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். ஆங்கிலப் பெயரிலும் களஞ்சியம்தான் இருக்கிறது என்று ஒரு முழு இரவு உணவு நேரமும் பேசினான். படிவம் ஒன்றில் மலாய்க் கட்டுரைக்கு இரண்டு வரி எழுதாத அதே பையன். கூகை கத்தினால் சாவு வரும் என்று நம்பும் என் மாமியாருக்குத்தான் இந்த ஆராய்ச்சி சுத்தமாகப் பிடிக்கவில்லை. இவன் படிக்காத பிள்ளையா?

சட்டத்தைக் காட்டி மிரட்டுபவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். 2003 முதல் இந்நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம், மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அவன் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் முடித்தவன். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது 2025-இல். அவன் நின்றது அதற்கு முன். சின்னவளுக்கு நாளை இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், அப்போது பார்த்துக்கொள்கிறேன். படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.? தனியார் தேர்வராக எழுதுவான். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று அவனுக்கே தெரியும், அதற்கு அவனே நேரம் ஒதுக்கியிருக்கிறான்.

நண்பர்கள் இல்லாமல் பிள்ளை கெட்டுப்போவான் என்று கவலைப்படுபவர்களுக்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் அவனுக்கு இருந்த நண்பர்கள் அவன் புத்தகப்பையைக் கால்வாயில் போட்டவர்கள். இன்று அவன் பேசிப் பழகுபவர்கள் அறுவடைக்கு வரும் இந்தோனேசிய அண்ணன்மார், மோட்டார் பட்டறைச் சீனப் பெரியவர், பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தனியாக இருக்கும் பாட்டி. நாற்பது பேரும் ஒரே வயதில் ஒரே அறையில் அடைபட்டிருப்பதுதான் சமுதாயப் பழக்கம் என்றால், அப்படிப்பட்ட சமுதாயத்தை வகுப்பறைக்கு வெளியே எங்கே பார்த்தீர்கள்? அந்த நண்பர்களில் ஒருவன்கூட இந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டு வாசலுக்கு வந்து "எப்படி இருக்க?" என்று கேட்கவில்லை. ஆனால் காணொளிக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறார்கள். பள்ளியோ பாடத்திட்டமோ இல்லாமல் பிள்ளை தன் ஆர்வப்படி கற்பதைக் குறிக்கும் அன்ஸ்கூலிங் என்ற சொல்லை 1970-களில் அமெரிக்காவில் பரப்பியவர் ஜான் ஹோல்ட் என்பது உண்மைதான். அவரே வகுப்பறையில் பாடம் நடத்திய ஆசிரியர் என்பதையும் பள்ளிகளைத் திருத்த முயன்று ஓய்ந்த பிறகே வீட்டுப் பக்கம் திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீட்டர் கிரே என்ற உளவியலாளரும் இன்னொருவரும் இப்படி வாழும் 232 குடும்பங்களை விசாரித்து 2013-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலான பெற்றோர் மனநிறைவோடு பதில் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் நல்லதைத்தானே சொல்வார்கள் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிட்டேன். ஆனால் என் மகன் ஆய்வைப் பார்த்து நிற்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என்னை உண்மையில் சுட்டது வேறொரு கருத்து. "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்க நம் முன்னோர் பட்ட பாட்டை மறந்துவிட்டாயே" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நான் மறக்கவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும், ஓய்வு நேரத்தில் பாடம் நடத்தும் கிராணியோ (தோட்டக் குமாஸ்தா) கங்காணியோதான் பள்ளி. அந்தப் பள்ளியும் மூன்றாம் ஆண்டோடு முடிந்து, என் அம்மா தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போனவர். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவி, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வந்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் போனேன். 1989-இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோருக்கான புகுமுக வகுப்பின் முதல் நாள், தோட்டத்துப் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு, கை தூக்கிய எங்கள் ஏழு பேரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். படிவம் ஐந்து வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போன பிள்ளை நான், ஐயா. இன்று எனக்குச் சோறு போடும் தையலைப் பக்கத்து வீட்டு அக்காவின் மெஷினருகே நின்று பார்த்துத்தான் கற்றேன். கணக்கில் கொஞ்சம் சரியாக இருப்பது இடுப்பளவும் கையளவும் மட்டும்.

பள்ளி வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். என் மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குப் பள்ளி என்றால் உயிர், காய்ச்சல் என்றாலும் நிற்கமாட்டாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது, போகிறாள். அவனுக்கு முடியவில்லை, வீட்டில் படிக்கிறான். இதில் ஓரமாக நிற்க வேண்டியவர் யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று மேடையில் மகளுக்குக் கொடுத்த பையில் நான்கு நோட்டுப் புத்தகங்களும் ஒரு பேனாவும் இருந்தன. அப்படியே கோவில் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் திங்கட்கிழமை காலையில் பையை எடுத்தபோது மூன்று நோட்டுகள்தான் இருந்தன. நான்காவதை அவள் இரவே அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள். அட்டையில் கோவில் முத்திரை; உள்ளே முதல் பக்கத்தில் கோடு போட்டு, பெட்டி எண், உருண்டை, எலி என்று தலைப்பு எழுதியாகிவிட்டது.