பத்துக் கையெழுத்துதான் முதல் பரீட்சை

வட சென்னையில் படித்த இளைஞர்கள் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முழு மனதாக வரவேற்கிறேன். ஆனால் டெபாசிட் பணம்தான் பெரிய தடை என்று அது சொல்வதை ஏற்க முடியவில்லை. 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. நாலு நண்பர்கள் சேர்ந்தால் தேறிவிடும்.

வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் முன்மொழிபவர்கள்தான் விஷயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ராயபுரம், ஆர்.கே.நகர் தொகுதிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தெரிந்த அண்ணன்தானே என்று நினைக்காமல், வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மனுவோடு சொத்து, கடன் விவரம் சொல்லிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கடன் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுத வேண்டும்.

வேட்புமனுவை வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கைக்கு வரும். அதற்கப்புறம் வீடு வீடாகப் போய் அதைப் பதிய வைக்க நேரம் போதாது, முகம் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று குக்கர் சின்னத்தில் ஜெயித்த டி.டி.வி. தினகரன் ஏற்கெனவே ஊரறிந்தவர். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் அதைக் குவளையால் மொண்டு எடுத்தார்கள். அன்று அவர்களோடு சேற்றில் நின்ற பிள்ளைகள்தான் வேட்புமனு வாங்க வேண்டும்.

சரி, தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். விட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம்.