85 என்றால் 85தான்

சனிக்கிழமை நம் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தில் நடந்ததை ஆளாளுக்குப் பேசி ஓய்ந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். ஓயவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், எறிந்த பந்துகளை எண்ணுகிற கிளிக்கர் என் கையில்தான் இருந்தது. ஆமாம், நம் பையன் 85 பந்தைத் தாண்டிவிட்டான் என்று அம்பயரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். ஆமாம், அதற்கப்புறம் அவனுக்குப் பதிலாகப் பந்து போட வந்த பையன் வரிசையாக வாக், அதாவது தப்புப் பந்துகளுக்காக எதிராளிக்கு இலவசமாக முதல் பேஸ், கொடுத்து, நாம் 6-5 என்று தோற்றோம். இதற்காக மூன்று நாளாக எனக்குச் 'சட்டப் புத்தகம்' என்று பெயர். நேற்று மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுகூட ஒருவர் வந்து, "எண்ணி எண்ணித்தான் எடுப்பீங்களோ சார்?" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த 85ஐ நான் கண்டுபிடிக்கவில்லை. லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பந்து. ஒரு பேட்டருக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது 85 வந்துவிட்டால், அந்த பேட்டரை முடித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சலுகை. பையன் முடித்தான். அதன் பிறகும் கோச் "இன்னும் ஒரே ஒரு பேட்டர்" என்று விரலைக் காட்டினார். நான் கிளிக்கரைத் தூக்கிக் காட்டினேன். 88. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல், அதுவும் தமிழில்: "பையன் நல்லாத்தானே போடறான், உங்களுக்கு என்ன சார் வயித்தெரிச்சல்?"

வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று சொல்லவில்லை. எதனால் என்று கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம்.

என் கட்சி ஒன்றே ஒன்று. பந்து எறிகிற பிட்சர்களின் கையை உடைப்பது விதிகள் இல்லை, வேகம். நாமெல்லாம் சேர்ந்து கைதட்டிக் கேட்கிற வேகம். இதைத்தான் இரண்டு வருடமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு 'இத்தனை விநாடிக்குள் எறி என்கிற பிட்ச் கிளாக்தான் காரணம்' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் மடக்கிய கையை நீட்டி எறிந்தால் நோ பால். இங்கே தொழிலே அதுதான். நம் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு போகும், இவர்களுக்கு முழங்கையின் உள்பக்கத் தசைநார் போகும். 1974இல் ஃப்ராங்க் ஜோப் என்ற டாக்டர், டாமி ஜான் என்ற பிட்சருக்கு மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார். டாமி ஜான் திரும்பி வந்து இன்னும் 164 மேட்ச் ஜெயித்தார். அன்றிலிருந்து அந்த சர்ஜரிக்கே அவர் பெயர். அன்று அது அதிசயம். இன்று கல்லூரிப் பையன்கள் ஞானப்பல் பிடுங்கியதைப் போலச் சொல்கிறார்கள்.

சரி, கிளாக் கட்சிக்கு வருகிறேன். 2023இல் மேஜர் லீகில், அதாவது இங்கே உச்சத்தில் இருக்கிற பேஸ்பால் லீகில், கிளாக் வந்தது. பேஸில், அதாவது ஓடுகிறவர்கள் நிற்கிற மூலைகளில், ஆள் இல்லையென்றால் 15 விநாடி, இருந்தால் 20. அந்த 20ஐயும் அடுத்த வருடம் 18 ஆக்கினார்கள். 3 மணி 4 நிமிடம் ஓடிய ஆட்டம் 2 மணி 40க்கு வந்தது. வேலைக்குப் போகிற என் போன்றவனுக்கு அது வரம், ஒப்புக்கொள்கிறேன். மூச்சு வாங்க நேரமில்லாமல் எறிந்தால் கை சோர்ந்துபோகும் என்று ஆட்டக்காரர்கள் சங்கம் சொல்கிறது. அதையும் நான் முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் மேஜர் லீகே ஓர் அறிக்கை வெளியிட்டது. 200 பேருக்கு மேல் பேசி எழுதியது. கிளாக்கால் காயம் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. காரணம் என்று அது கைகாட்டியது வேகத்தை, ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு எறிவதை. 2008இல் சராசரி ஃபாஸ்ட்பால் மணிக்கு 91 மைல் சொச்சம். 2024இல் 94க்கு மேல். கிளாக் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே கைகள் உடைய ஆரம்பித்துவிட்டன. "லீக் தன் கிளாக்கையே குற்றம் சொல்லுமா?" என்று கேட்பீர்கள். சொல்லாதுதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்த ஆதாரம்கூட இல்லை, சந்தேகம் மட்டும்தானே?

அடுத்து நோலன் ரயன், பழைய வேகப் பிட்சர். இவரை இழுக்காமல் ஒருவருக்கும் வாதம் முடிவதில்லை. "நோலன் ரயன் எண்ணியா போட்டார்? 27 சீசன் ஆடவில்லையா?" ஆடினார். அவருடைய கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1993 செப்டம்பரில், சியாட்டிலில், 46 வயதில், இதே முழங்கைத் தசைநார் கிழிந்து மைதானத்தை விட்டுப் போனார். போகட்டும், ரயன் ஒரு அபூர்வப் பிறவி. ஊரில் ஒரு தாத்தா சுருட்டுப் பிடித்துக்கொண்டே 95 வயது இருந்தார் என்பதற்காகப் பேரனுக்குச் சுருட்டு வாங்கித் தருவீர்களா?

"நீங்க பேஸ்பால் ஆடினவரா?" இதைக் கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன். என் வீட்டில் சாப்பிட்டவர். இல்லை, நான் ஆடியதில்லை. 2006இல் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கிய வருடம், ஆபீஸ் நண்பர் ஒருவர் புண்ணியத்தில் நியூ யார்க் மெட்ஸ் அணியின் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தவன். அந்த அக்டோபரில் எங்கள் கார்லோஸ் பெல்ட்ரான் மட்டையைத் தோளில் வைத்தபடியே தன்னை அவுட்டாக்கிய கடைசி ஸ்டிரைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அன்று ராத்திரி தூக்கம் போனவன். அடுத்த வருடம் 17 ஆட்டம் மீதியிருக்க 7 ஆட்டம் முன்னிலை, அதையும் கோட்டைவிட்டார்கள். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

மெட்ஸ் ரசிகனுக்கு முழங்கையைப் பற்றிப் பேச உரிமை உண்டு ஐயா. ஹார்வி, டீக்ராம், சிண்டர்கார்ட், வீலர், மாட்ஸ். எங்கள் ஐந்து பிட்சர் ரத்தினங்கள். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, ஐந்து பேருமே டாமி ஜான் சர்ஜரி செய்துகொண்டவர்கள். 2015இல் மாட் ஹார்வி சர்ஜரி முடிந்து ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அந்த சீசனில் 180 இன்னிங்ஸோடு (இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) நிறுத்த வேண்டும் என்று அவர் ஏஜென்ட் சொன்னபோது நாங்கள் சுயநலக்காரன் என்று திட்டினோம். கடைசியில் 216 இன்னிங்ஸ் போட்டார். இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் முடித்தார். மேனேஜர் போதும் என்று சொல்ல, முடியாது என்று இவர் அடம் பிடிக்க, அரங்கமே "ஹார்வி, ஹார்வி" என்று கத்தியது. என் வீட்டு ஹாலில் நானும் கத்தினேன். ஒன்பதாவதில் ஆட்டம் நழுவியது. அடுத்த வருடமே தோள்பக்கம் இன்னொரு சர்ஜரி. அதற்கப்புறம் அவர் பழைய ஹார்வி இல்லை. சனிக்கிழமை எனக்குப் பின்னால் கத்தியவரின் குரல் எனக்குப் புதிது இல்லை.

இப்போது 'ப்ராஸ்பெக்ட்' என்ற வார்த்தை, அதாவது பெரிய ஆளாக வருவான் என்று நம்புகிற பையன். எனக்கு இதைக் கேட்டாலே இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், நம் ஆட்கள் முதலில் சொல்வது "ஐயோ, ட்ரேட் வேல்யூ போச்சே". ஏதோ வாங்கிப் போட்ட மனைக்கட்டு விலை இறங்கிய மாதிரி. 'பிட்சிங் ப்ராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையாது' என்று பேஸ்பால்காரர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அதை இரண்டு விதமாகச் சொல்லலாம். நாம் சொல்வது எப்போதும் 'கை உடைவதற்குள் விற்றுவிடு' என்ற விதத்தில்தான்.

பிட்சர் குமார் ராக்கரை நினைத்துப் பாருங்கள். அம்மா வழியில் இந்திய வம்சம், பெயரிலேயே குமார். நம் வீடுகளில் அவனை உறவுக்காரப் பையன் போலவே பேசுவோம். 2019இல் கல்லூரி முதல் வருடத்தில் டியூக் அணிக்கு எதிராக, ஒரு ஹிட்கூட அடிக்க விடாத நோ-ஹிட்டர், 19 ஸ்டிரைக் அவுட், 131 பந்து. வாட்ஸப்பில் எத்தனை கைதட்டல்! ஒருவராவது அந்த 131ஐப் பற்றிக் கேட்டோமா? நானும் கேட்கவில்லை. 2021 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கிற தேர்வில், என் மெட்ஸ் பத்தாவதாக எடுத்தது, மருத்துவப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் விட்டது. பெண் பார்த்து, தட்டு மாற்றிய பிறகு வேண்டாம் என்பார்களே, அது மாதிரி. தோளில் ஒரு சர்ஜரி. அடுத்த வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023இல் டாமி ஜான். 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மண்ணை மிதித்தான். இந்த ஐந்து வருடமும் நாம் பேசியதெல்லாம் அவன் 'மதிப்பு' ஏறியதா இறங்கியதா என்றுதான்.

என் பெரியவன் விஷயம் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. அவனுக்கு 13 வயதில் நான்தான் பந்தின் வேகத்தைக் காட்டுகிற ரேடார் கன் வாங்கிக் கொடுத்தேன். யாரோ ஒரு கோச் "உங்க பையன் நல்ல ப்ராஸ்பெக்ட்" என்று சொல்லிவிட்டார், தரையில் கால் படவில்லை எனக்கு. கொல்லையில் வலை கட்டி, ஒவ்வொரு பந்துக்கும் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். 64. 65. "இன்னும் ஒண்ணுடா கண்ணா." அவனும் போடுவான். வருடத்தில் பத்து மாதம் ஏதாவது ஒரு அணிக்கு ஆடினான். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். ஒரு ராத்திரி தோசை போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்து, "என்னடா இது பழக்கம், இடது கையால சாப்பிடறது?" என்று அவனை அதட்டினாள். நானும் சேர்ந்து அதட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வலது கைக்கு மாறினான். கை வாய்வரை வரவில்லை. முழங்கை மடங்கவில்லை. தலையைத் தட்டுவரை குனிந்து சாப்பிட்டான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சர்ஜரி தேவைப்படவில்லை. வளரும் எலும்பின் குருத்தில் அடி, ஓய்வு போதும் என்றார் டாக்டர். ஆறு மாதம். அதற்கப்புறம் அவன் பந்தைத் தொடவில்லை, நானும் தொடச் சொல்லவில்லை. ரேடார் கன் இன்னும் கராஜில்தான் கிடக்கிறது. விற்கலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். யாரோ ஒரு அப்பாதானே வாங்குவார் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

"உங்க பையனுக்கு ஆச்சுன்னா எல்லாருக்கும் ஆகுமா?" என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். ஆகாமலும் போகலாம். 120 பந்து போட்டும் ஒன்றும் ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க உங்கள் பிள்ளையின் கையை வைத்துப் பார்ப்பேன் என்கிறீர்களா? அதுவும் ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு, ஜெயித்தால் ஆளுக்கொரு பீட்சா துண்டு கிடைக்கிற ஆட்டத்துக்கு?

அந்தப் பையன் வெளியே வந்ததும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை இடது கையால் திறக்கப் பார்த்தான், முடியவில்லை, என்னிடம் நீட்டினான். திறந்து கொடுத்தேன். இதை அவன் அப்பாவிடம் சொன்னேன். "அங்க இங்க வலிக்கத்தான் செய்யும் சார்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், இந்தப் பதிவு அதனால்தான் இவ்வளவு நீளம்.

66 பந்தோ அதற்கு மேலோ போட்டால் நாலு நாள் ஓய்வு. ஆகவே வருகிற சனிக்கிழமை அவன் தாராளமாகப் போடலாம். கிளிக்கர் என்னிடம்தான் இருக்கும், புது பேட்டரி கேட்கிற சாமானும் இல்லை அது. கத்த வேண்டும் என்கிறவர்கள் மூன்றாம் பேஸ் பக்கமாக நின்று கத்துங்கள். முதல் பேஸ் பக்கம் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம்தான் ஊரிலிருந்து வந்தாள்.