குதிரை விற்கிறவர் சொல்லும் கதையை எவ்வளவு நம்பலாம்?

ஆடி நெருங்குகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பார்க்கப் போகிறோம், நீங்களும் கூட வாங்க என்று இந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் ஏற்காட்டுப் பையன்கள், ஏரிப் பக்கம் சவாரி விட்டுப் பிழைக்க நினைக்கிறவர்கள். விற்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அவர் சொல்லும் கதையில் எந்தெந்த விஷயம் குதிரை உடம்பில் தடம் விட்டிருக்கும் என்று மட்டும் யோசியுங்கள் என்றேன். போனில் அது பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் மடியில் உட்கார்ந்து கேட்டது. மீதி, போன மார்கழியில் பெரியம்மா மகனோடு குதிரை பார்க்கப் போன நாளில் கற்றுக்கொண்டது.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. விற்க வந்தவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, அமைதியான பேச்சு. "வீட்டுக் குதிரைங்க தம்பி. எங்க ஐயா ஆசைக்கு வெச்சிருந்தார். அவர் போனதுக்கு அப்புறம் பார்த்துக்க ஆள் இல்லை. ஏழு வயசு. முதுகுல சேணம் போட்டதே பத்துத் தடவை இருக்காது. நல்ல கைக்குப் போகணும், அவ்வளவுதான்" என்றார். ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கும் தொண்டை அடைத்தது, அதை மறைக்க மாட்டேன். அண்ணன் அட்வான்ஸ் பத்தாயிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேவிட்டான்.

நான் சும்மா குதிரையைத் தடவிக்கொண்டு நின்றேன். காய்ந்த சேறு உதிர உதிர, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் வலது பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை முடி தெரிந்தது. சுற்றிப் போய் இடது பக்கம் பார்த்தால் அங்கேயும் அதே உயரத்தில் அதே அளவு. கேட்டதற்கு, "பிறவியிலேயே இருக்குதுங்க" என்றார். பிறவி மச்சம் இருக்கலாம்தான். ஆனால் சேணம் அழுத்துகிற அதே இடத்தில், இரண்டு பக்கமும் ஜோடியாகவா இருக்கும்? சேணம் பொருந்தாமல் நாள்கணக்கில் அழுத்திப் புண்ணாகிவிட்டால், ஆறின இடத்தில் நிறம் போய் வெள்ளையாகத்தான் முடி முளைக்கும். பத்துத் தடவை சேணம் போட்டதில் வருகிற காரியம் இல்லை அது. முன்னங்கால் உடம்போடு சேருகிற இடத்துக்குப் பின்னால், வயிற்றுப் பட்டை உரசுகிற இடத்திலும் தோல் தடித்திருந்தது.

அடுத்து வாயைத் திறந்து பார்த்தோம். மேல் வரிசையில் ஓரத்து முன்பல்லில் ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கி, பல்லின் நடுவுக்கு வந்திருந்தது. அந்தக் கோடு பத்து வயதை ஒட்டித்தான் ஈறோரத்தில் எட்டிப் பார்க்கவே ஆரம்பிக்கும், பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வரும், இருபதில் முழுப் பல்லுக்கும் ஓடிவிடும். குதிரைக்குக் குதிரை ஓரிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஏழு வயதில் அந்தக் கோடு இருக்க வழியில்லை. சின்ன வயதுக் குதிரைக்கு இன்னும் எளிது. இரண்டரை வயதில் முதல் ஜோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் வரும், மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் கடைசி ஜோடி. ஐந்தில் வாய் நிறைந்துவிடும்.

பணம் திரும்பப் பைக்குள் போனது. வண்டியில் வரும்போது அண்ணன் "எப்படி நடிச்சான் பாரு" என்று திட்டிக்கொண்டே வந்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய ஐயா நிஜமாகவே இறந்திருக்கலாம், அந்த அழுகை நிஜமாக இருக்கலாம். ஐயாவிடம் யாரோ ஐந்து வயது என்று தள்ளிவிட்டதை நம்பி, அதோடு இரண்டைக் கூட்டி நம்மிடம் சொல்லியிருக்கலாம். உண்மையான துக்கத்தோடு ஒருவர் தப்பான குதிரையை விற்க முடியும். நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆள் பொய் சொல்லவில்லை என்று மனதுக்குப் பட்டதும் குதிரையும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நரியைப் பரியாக்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். மாணிக்கவாசகருக்காகச் சிவனே குதிரை வியாபாரியாக மதுரைக்கு வந்தார், பாண்டியன் பார்த்து மகிழ்ந்தான், கயிறு மாறியது, ராத்திரியில் லாயம் முழுக்க நரி ஊளை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது கடவுளின் திருவிளையாடலாகத்தான் தெரிந்தது. இப்போது அந்தக் கயிறு மாறுகிற இடம்தான் மனதில் நிற்கிறது. இன்றைக்கும் சந்தையில் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்கினவர் புதுக் கயிறு போடுவார், அதோடு கணக்குத் தீர்ந்தது. அப்புறம் நொண்டினாலும் இருமினாலும் நம் பாடு. ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் பழைய கயிறு கழுத்தில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

என்ன கேட்பது? நான் முதலில் கேட்பது லாடம் அடிக்கிறவர் நம்பர். பக்கத்து வீட்டுக்காரர் நல்லதாகத்தான் சொல்வார், தரகருக்குக் கமிஷன் இருக்கிறது. லாடக்காரர் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை நாலு காலையும் தன் தொடையில் தூக்கி வைத்துப் பார்க்கிறவர். குளம்பு ஒரு பக்கமாகத் தேய்கிறதா, எந்தக் காலைக் கொடுக்க மறுக்கிறது, உதைக்குமா, கடிக்குமா என்று அவருக்குத் தெரிவது சொந்தக்காரருக்கே தெரியாமல் இருக்கும். "அவர் ஊர்ல இல்லைங்க, நம்பர் மாறிடுச்சுங்க" என்ற பதில் வந்தால் நான் அவசரப்பட மாட்டேன்.

இரண்டாவது, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பது. நாம் போகும்போதே சேணம் கட்டித் தயாராக நிற்கும் குதிரையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. சேணத்துக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், முரட்டுக் குதிரையைக் காலையிலேயே ஓட்டிக் களைக்க வைத்திருக்க வாய்ப்பு உண்டு. கீழுதடு தொங்கி, கண் சொக்கி, ஈ உட்கார்ந்தாலும் சிலிர்க்காமல் நின்றால் மயக்க மருந்து உள்ளே போயிருக்கலாம். பினைல்பியூட்டசோன் மாதிரி வலி மருந்து கொடுத்தால் நொண்டுகிற குதிரையும் அன்றைக்கு ஜம்மென்று ஓடிக் காட்டும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு தடவை போவது, நாலைந்து நாள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல். நிஜமான ஆள் கொஞ்சம் முகம் சுளித்தாலும் காட்டிவிடுவார். "இன்னிக்கே முடிச்சுக்கங்க, ஓமலூர்ல இருந்து ஒரு பார்ட்டி வந்துகிட்டு இருக்குது" என்பதை நான் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அந்தப் பார்ட்டி வந்து நான் பார்த்ததில்லை.

நொண்டலை ஆள் ஏறாமல் பாருங்கள். கெட்டியான தரையில் கயிற்றைத் தளர விட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டினால் இது தெரியாது, சிலர் இறுக்கிப் பிடிப்பதே அதற்காகத்தான்.

அப்புறம் சுழி, அதாவது குதிரை உடம்பில் முடி சுழித்து வளர்ந்திருக்கும் இடம். நம் பக்கத்தில் குதிரை விலையில் பாதி சுழியில்தான் நிற்கிறது. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, இது வீட்டுக்கு ஆகும், அது ஆகாது என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும், எங்கள் தாத்தாவும் பார்த்தார். ஆனால் அவர் குளம்பையும் காலையும் பார்த்து முடித்த பிறகுதான் சுழிக்கு வருவார். விற்கிறவர் வந்ததும் வராததுமாகச் சுழியில் ஆரம்பித்தால் நம் கண் கடைசி வரைக்கும் காலுக்கு இறங்குவதே இல்லை.

ஏற்காட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. "மலைக்குப் பழகினது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, இறக்கத்தில் நீங்களே ஏறி ஓட்டிக் காட்டுங்க என்று கேளுங்கள். நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டுதான் திரும்பும். மேலே கொண்டுவந்த பிறகு தினமும் அதன் முதுகில் ஏறப்போவது ஊர் பேர் தெரியாத குழந்தைகள். விற்கிறவரே ஏறத் தயங்குகிற குதிரையில் அடுத்தவர் பிள்ளையை எப்படி ஏற்றுவது? ரத்தப் பரிசோதனையையும் இதனால்தான் வற்புறுத்துகிறேன். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான். மாதிரியை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதித்துச் சொல்வார்கள். நமக்குப் பக்கத்தில் நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

அண்ணன் கடைசியில் வாங்கியது சங்ககிரிப் பக்கம் ஒரு அம்மாவிடம், தை கடைசியில். விலை பேசுவதற்கு முன்னாலேயே அந்த அம்மா சொன்னது, "ஹாரன் சத்தத்துக்கு மிரளும் சாமி. இடது பின்னங்காலைத் தொட விடாது, சின்னதுல முள்கம்பியில மாட்டினது. தெரிஞ்சு வாங்கறதுன்னா வாங்கு." காலைப் பார்த்தோம், கணுக்காலைச் சுற்றிப் பழைய தழும்பு இருந்தது. ரோட்டுக்குக் கூட்டிப்போனோம், லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் இரண்டடி பக்கவாட்டில் தாவியது. லாடக்காரருக்குப் போன் போட்டால் அவரும் அதையே சொன்னார். எட்டு வயது என்றார் அந்த அம்மா, மேல் ஓரப் பல்லில் கோடு இன்னும் இறங்கவில்லை. மறு வாரம் சொல்லாமல் போய் நின்றபோது எங்களுக்கும் சேர்த்து டீ போட்டார்.

இரண்டு மாதம் அடிவாரத்திலேயே கட்டிவைத்து, பஸ் நின்று கிளம்புகிற இடத்தில் தினமும் அரை மணி நேரம் கொள்ளு வைத்து நிறுத்திப் பழக்கினான். அதற்கு அப்புறம்தான் மேலே ஏற்றினான். ஹாரனுக்கு இப்போது காதை மட்டும் திருப்புகிறது. இடது பின்னங்காலை இன்னமும் லாடக்காரரைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை.